மண் இறங்கட்டும்

கல் தயார் என்று கொத்தனார் அவரிடம் சொன்ன வாரத்தில்தான் அந்த ஈ முதலில் அவர் கண்ணில் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி மண்மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்குக் குடை பிடித்து நின்றார். வெயில் விழுந்த பக்கத்து மண்ணில் பென்சில் நுழைகிற அளவில் ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றின் வாயைச் சுற்றியும் பொடிமண். சின்னத் தேனீ ஒன்று காலில் மகரந்தம் அப்பியபடி வந்து ஓர் ஓட்டைக்குள் இறங்கியது. கூட்டமாக வாழாத இனம். தனக்கென்று ஒரு குழி தோண்டி, முட்டையிட்டு, வாயை அடைத்துவிட்டுப் போய்விடும். அது அவருக்குப் புதிதில்லை.

ஒரு சாண் மேலே இன்னொன்று நின்றது. சிறகடிப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றில் ஆணி அடித்து மாட்டியது போல இருந்தது. உடம்பெல்லாம் ரோமம், பார்த்தால் தேனீ. ஆனால் இரண்டே சிறகு, கொடுக்கு கிடையாது. தேனீ ஈ. சிறகின் முன்பாதி கறுப்பு, பின்பாதி கண்ணாடி. நடுவில் படிக்கட்டு போல ஒரு கோடு.

அந்தக் கோட்டை அவர் படத்தில் பார்த்திருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கம், வறண்ட சமவெளியில் பிடித்தது. மலைக்கு இந்தப் பக்கம் யாரும் பிடித்ததில்லை.

"குடை எங்க போகுது?" என்றாள் மனைவி.

குடை சரிந்து அவள் தலையில் வெயில் விழுந்திருந்தது. நேராகப் பிடித்தார்.

"என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

மண்மேட்டுக்கு அடியில் இருந்தவன் அவளுடைய மகன். அவளுடைய முதல் கல்யாணத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடப் பையுடன் அவர் வீட்டுக்கு வந்தவன் வாசலிலேயே நின்று அவரை "சார்" என்று கூப்பிட்டான். அடுத்த நாள் மாற்றிக்கொள்வான் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாற்றிக்கொள்ளவில்லை. கோபம் எதுவும் இல்லை, அப்படியே பழகிவிட்டது. படிப்பு ஏறவில்லை. பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போனான். சாரம் சரிந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது.

அவருக்கு அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவில் வேலை. தேனீ ஈக்கள் மட்டும்தான் அவர் பொறுப்பு. மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அவருக்குச் சகலை, விருந்தாளி யார் வந்தாலும் இதைச் சொல்லித்தான் அறிமுகம் செய்வார். "நம்ம சகலை ஆபீஸ்ல ஈ ஓட்டுறார். சும்மா சொல்லலைங்க, கவர்மெண்ட் சம்பளம் குடுத்து ஓட்டச் சொல்லியிருக்கு." எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள்.

திங்கட்கிழமை அலுவலக நேரத்தில் வலையோடு தனியாகப் போனார். மதியத்துக்குள் ஒன்று கிடைத்தது.

பிரிவுத் தலைவர் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். நிமிராமலே சொன்னார். "பொண்ணு."

"சிறகைப் பாருங்க சார்."

"பாத்தேன். இதே சிறகுல மூணு இனம் இருக்கு. இதை வச்சு வரைபடத்துல புள்ளி வச்சா நாளைக்கு எவனாவது நம்ம மூஞ்சியில கரியைப் பூசுவான். ஆண் கொண்டு வாங்க. வயித்து நுனியைப் பிரிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"கிடைக்கலன்னா?"

"அடிக்குறிப்பு. பொடி எழுத்துல."

எதிர்ச் சுவரில் வரைபடம் ஒட்டியிருந்தது. புதிய பதிவுகளைத் தொகுத்து அந்த ஆண்டு வெளியிடப்போகும் கட்டுரைக்கானது. எந்த ஈ எங்கே பிடிபட்டதோ அங்கே ஒரு புள்ளி. இழுப்பறையில் ஊசி குத்திய உடல் இல்லாமல் புள்ளி கிடையாது. போட்டோ காட்டினாலும் கிடையாது. வரைபடம் போடுகிற பெண்ணை எல்லோரும் புள்ளிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எனக்கு ஒரு சந்தேகம் சார்," என்றாள் புள்ளிக்காரி. "உங்க ஈயெல்லாம் பஸ் ஸ்டாப் பக்கத்துலதான் குடியிருக்குமா?"

உண்மைதான். புள்ளிகள் எல்லாம் சாலையை ஒட்டியே இருந்தன. பிடிக்கிறவன் இறங்கின இடம்தான் ஈ இருக்கிற இடம். மலைக்கு இந்தப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. அங்கே ஈ இல்லை என்றுதான் இத்தனை வருடம் எல்லோரும் எழுதினார்கள். அவரும் எழுதியிருக்கிறார்.

"இதை எங்க புடிச்சீங்க?" என்றார் தலைவர்.

"ஊர் ஓரத்துல. ஒரு மண்மேடு."

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள். "கல்லு எப்போ வைக்கிறாங்களாம்? கொத்தனார்கிட்ட பேசினீங்களா?"

கல்லை வைத்தால் ஓட்டைகள் மூடிப்போகும். தேனீ இல்லாத இடத்தில் ஈக்கு வேலை இல்லை. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"மண்ணு இன்னும் இறங்கலையாம். இப்போ வச்சா கல்லு விரிசல் விடுமாம்."

"இன்னுமா?"

"மழை முடியட்டும்னார்."

முழுப்பொய் என்று சொல்ல முடியாது. புதைத்த மாதத்தில் கொத்தனார் அதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தார். கொத்தனாருக்கும் போன் செய்து சொன்னார். "வீட்டுல மனசு சரியில்ல. கல்லைப் பாத்தா தாங்க மாட்டாங்க. கொஞ்சம் தள்ளிப் போடலாம்."

"பாவம் சார்," என்றார் கொத்தனார். "எப்போ வேணும்னாலும் சொல்லுங்க. கல்லு எங்க ஓடியா போகுது."

அதன் பிறகு வெயில் அடித்த நாளெல்லாம் போனார். மேட்டில் புல் முளைத்தால் தேனீக்கள் இடம் மாறிவிடும். அதனால் முதல் வேலையாகப் புல்லைப் பிடுங்கினார். வேரோடு, ஒன்று விடாமல். உதிர்ந்த சருகைப் பொறுக்கினார். பிறகு நிழல் மேட்டில் விழாத பக்கமாக உட்கார்ந்து காத்திருந்தார். பெண் ஈக்கள் வந்தன. மண்ணில் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டன, ஓட்டைக்கு மேலே நின்றன, போயின. ஆண் வரவில்லை.

சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது பேசாமல் இருப்பது போல. ஒருநாள் வாய் தானாகத் திறந்தது. "மேகம் வந்துடுச்சு. இன்னிக்கு அவ்வளவுதான்." யாரிடம் சொன்னோம் என்று அவர் யோசிக்கவில்லை. அடுத்த நாளும் ஏதோ சொன்னார். வீட்டில் இருந்த வருடங்களில் பையனிடம் இத்தனை பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இடுகாட்டு வாசலில் காவல்காரர் மனைவியை நிறுத்தினார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். சார் மாதிரி ஒரு மனுஷனை நான் பாத்ததில்ல. வாரத்துல நாலு நாள் வந்துடுறார். கையாலயே புல்லு புடுங்குறார். வெயில்ல அப்படியே உக்காந்திருக்கார். பையன்கிட்ட பேசுறார்மா. பெத்த அப்பன்களே வருஷத்துக்கு ஒரு தடவ எட்டிப் பாக்குற காலம் இது."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கேட்டின் துருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொல்ற மாதிரி ஒண்ணுமில்ல."

அவள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சமையலறை மேடையில் டிபன் பாக்ஸ் இருந்தது. பையன் போனதிலிருந்து அவள் அவருக்குச் சாப்பாடு கட்டியதில்லை. கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாக்ஸுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் ஒரு தொப்பியும் இருந்தன. பெயிண்ட் தெறித்த தொப்பி.

"வெயில்ல நிக்குறீங்க," என்றாள். "அவன்து. பரவால்ல, போட்டுக்குங்க. மத்தியானம் அங்கயே அவன் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க."

"எதுக்கு இதெல்லாம்."

"நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்."

"எதுல?"

"எல்லாத்துலயும்தான்."

அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. பல மாதமாகப் பார்க்காத முகம். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் அந்த முகம் போய்விடும் என்று நினைத்தார். வெளியே வெயில் நன்றாக அடிக்கிறது என்றும் நினைத்தார். இரண்டில் எது முதலில் வந்தது என்று அவரால் சொல்ல முடியாது.

தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை ஓட்டைகளிலிருந்து எடுக்காமல் சாப்பிட்டார். வலை மடியில் கிடந்தது.

மழைக்காலம் நெருங்கியது. மழை வந்தால் அந்த வருடத்து ஈக்கள் முடிந்தன. தலைவர் ஒருமுறை கேட்டார், இரண்டுமுறை கேட்டார். பிறகு அடிக்குறிப்பை எழுதியே கொடுத்துவிட்டார். அதை வாங்கி அவர் தன் மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

கொத்தனார் வீட்டுக்கு வந்தது அந்த வாரம்தான். மனைவி மட்டும்தான் வீட்டில் இருந்தாள். கொத்தனார் படியேறாமல் கீழேயே நின்றார்.

"இப்போ மனசு கொஞ்சம் தேறியிருக்காம்மா?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். கல்லைப் பாத்தா தாங்க மாட்டீங்கன்னு சார் தள்ளிப் போடச் சொன்னார். நான் அவசரப்படுத்தல. பட்டறையில இடம் நெருக்கடியா இருக்கு, லாரி வந்து இடிச்சுட்டா அப்புறம் கல்லு போயிடும். அதான் கேட்டுட்டுப் போலாம்னு."

"மண்ணு இறங்கலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது ஆரம்பத்துலம்மா. இப்போ மேல யானை நின்னாலும் அசையாது."

அவள் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவர் மேட்டின் பக்கத்தில் குந்தியிருந்தார். தலையில் தொப்பி. அவள் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"இன்னிக்கும் வரலடா," என்றார்.

"யாரு வரல?"

அவர் திரும்பினார். வலைப்பிடி கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். வீட்டுக் கதவுக்குப் பின்னால் எப்போதும் சாய்ந்திருக்கிற வலை.

"கொத்தனார் வந்தாரு," என்றாள்.

அவர் எழுந்து நின்றார்.

"யாரு வரலன்னு கேட்டேன்."

"ஆண்."

"என்ன ஆண்?"

"ஈ. ஆண் ஈ."

அவள் மூச்சை வெளியே விட்டாள். சிரிப்பு மாதிரி இருந்தது. "அத்தான் உங்களை ஈ ஓட்டுறவர்னு சொல்றப்பல்லாம் நான் அக்காகிட்ட சண்டை புடிப்பேன். இனிமே என் புருஷனை அப்படிச் சொன்னா உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு."

"இது மலைக்கு இந்தப் பக்கம் இருக்குன்னு யாருக்குமே தெரியாது. ஒரு ஆண் கிடைச்சா போதும். நான் சொல்லணும்னுதான்..."

"அது இங்க என்ன பண்ணுது?"

கேள்வி என்று நினைத்து அவர் பதில் சொன்னார். ஈயைப் பற்றிக் கேட்டால் அவருக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. "இந்த ஓட்டையெல்லாம் தேனீ போட்டது. அது உள்ள முட்டை வைக்கும். ஈ மேல நின்னுக்கிட்டே தன் முட்டையை அந்த ஓட்டைக்குள்ள சுண்டி விடும். தேனீ வாயை அடைச்சிட்டுப் போயிடும். உள்ள ஈயோட புழு, தேனீயோட புள்ளையைத் தின்னுடும்."

"தாய்க்குத் தெரியாதா?"

"தெரியாது. அடைச்சிட்டா திரும்பி வராது."

அவள் மேட்டைப் பார்த்தாள். புல் ஒன்றுகூட இல்லாத, சுத்தமான மேடு.

"புல்லு இதுக்குத்தானா?"

அவர் வலையை முதுகுக்குப் பின்னால் மாற்றிப் பிடித்தார்.

"ஆஸ்பத்திரியில கேட்டாங்க, நீங்க யாருன்னு. என்னைக் கை காட்டி ‘அவங்க பையன்’னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. அன்னிக்கு அழுகையில விட்டுட்டேன். அப்புறம் இந்த வாட்ச்மேன் சொன்னதும், சரி, மனுஷனுக்கு வாயிலதான் வரல, மனசுல வச்சிருந்திருக்கார்னு நெனச்சேன். சோறு கட்டிக் குடுத்தேன். அவன் தொப்பியை எடுத்துக் குடுத்தேன்."

"நான் அவன்கிட்டயும்தான் பேசினேன்."

"என்னன்னு? ஈ வரலன்னா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க. உங்க சொந்தப் புள்ளையா இருந்தா, அவன் தலைமாட்டுல வலையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?"

உட்கார்ந்திருப்பார். அது அவருக்குத் தெரிந்தது. அதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமா, இன்னும் மோசமாக இருக்குமா என்றுதான் தெரியவில்லை. சொல்லாமல் நின்றார். அவள் அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கல்லு வரணும்," என்றாள்.

"சரி."

"வலை வரக்கூடாது."

"சரி."

மறுநாள் காலை கொத்தனார் இரண்டு ஆட்களோடு கல்லை இறக்கினார். முதலில் மேட்டைச் சமப்படுத்தினார்கள். மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டினார்கள். ஓட்டைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சுற்றிலும் கலவை போட்டு, கல்லை நகர்த்தி உட்கார வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். கல்லில் பையனின் பெயரும் இரண்டு தேதிகளும் இருந்தன.

வெளியே போயிருந்த தேனீக்கள் மகரந்தத்தோடு திரும்பி வந்தன. கல்லின் மேல் சுற்றின. இறங்கின, நடந்தன, மறுபடி எழுந்து சுற்றின. மனைவி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்ச நேரத்துல போயிடும்மா," என்றார் கொத்தனார், கொட்டும் என்று அவள் பயப்படுவதாக நினைத்து.

கல் வெயிலில் சூடேறியது. கொத்தனார் ஓரங்களைப் பூசிக்கொண்டிருந்தார். அப்போது அது வந்தது. காற்றில் நின்றது. நகர்ந்து, மறுபடி நின்றது. பிறகு சூடான கல்லின் மேல், பெயரின் நடுவில் உட்கார்ந்து சிறகை விரித்தது. கறுப்பு, படிக்கட்டுக் கோடு, கண்ணாடி. கண்கள் இரண்டும் தலையின் உச்சியில் ஒட்டியிருந்தன. பெண்ணுக்கு நடுவில் இடைவெளி இருக்கும். இது ஆண்.

வலையை அவர் கொண்டு வரவில்லை. ஆனால் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் அவர் பூச்சியைக் கொல்லும் மருந்துக் குப்பி வைப்பவர். காலையில் சட்டை மாற்றும்போது பழக்கத்தில் அதுவும் புதுச் சட்டைப் பைக்கு மாறியிருந்தது. கை எப்போது மேலே போனது என்று அவருக்குத் தெரியாது. மூடி எப்போது திறந்தது என்றும் தெரியாது. குனிந்திருந்தார். குப்பி கல்லின் மேல் கவிழ்ந்திருந்தது. உள்ளே ஈ கண்ணாடியில் மோதியது.

"சார், பூச்சு ஈரம், கை வச்சிடாதீங்க," என்றார் கொத்தனார்.

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் கோபப்படவில்லை. தெரிந்த ஆளா இல்லையா என்று தெருவில் ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அவர் குப்பியைத் தூக்கினார்.

ஈ போகவில்லை. கால்களை மடக்கிக்கொண்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து பெயரின் பள்ளத்தில் விழுந்தது.

"ஏன் பறக்கல?"

"மருந்து ஏறிடுச்சு."

"பொழைக்காதா?"

"பொழைக்காது."

அவள் குனிந்து பார்த்தாள்.

"அப்போ எடுத்துக்குங்க. அதுவாவது எதுக்காவது செத்ததா இருக்கட்டும்."

ரோமம் உதிராமல், இரண்டு விரலால் சிறகைப் பிடித்துக் குப்பிக்குள் எடுத்தார்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா வீட்டு நிறுத்தம் வருவதற்கு முன் அவள் பேசினாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"நான் அக்கா வீட்டுல இறங்குறேன். நீங்களும் வாங்க. கொஞ்ச நேரம் எல்லாரும் ஒண்ணா உக்காந்திருக்கலாம். ஒண்ணும் பேச வேண்டாம்."

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. இந்த வெயிலில் ஈயின் உடல் சீக்கிரம் விறைத்துவிடும். விறைத்தால் வயிற்று நுனியைப் பிரிக்கும்போது உடையும்.

"நீ இறங்கு," என்றார். "ஆபீஸ் போயிட்டு உடனே வந்துடறேன். இதை இப்பவே பண்ணலன்னா வீணாயிடும்."

அவள் அவர் பையைப் பார்த்தாள். எழுந்து இறங்கினாள். பஸ் நகர்ந்தபோது அவள் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள்.

தலைவர் நீண்ட நேரம் நுண்ணோக்கியில் பார்த்தார். நிமிர்ந்து கை நீட்டினார். "அதேதான். மலை தாண்டி வந்துடுச்சு. இனிமே இருபது வருஷத்துக்கு எவன் எழுதினாலும் உங்க புள்ளியைத் தாண்டி எழுத முடியாது."

புள்ளிக்காரி வைத்தாள். வெள்ளையின் நடுவில் ஒன்றே ஒன்று.

"தனியா நிக்குது சார்," என்றாள். "துணைக்கு இன்னும் ரெண்டு புடிச்சுக் குடுங்க. அதே இடத்துக்குப் போனா கிடைக்குமில்ல?"

"கிடைக்காது. மூடியாச்சு."

"இடம்னு என்ன போடட்டும்?"

அவர் சொன்னார். தலைவர் முகம் சுளித்தார். "அப்படியே போட வேண்டாம். படிக்கிறவனுக்கு ஒரு மாதிரி இருக்கும். புல்பூண்டு இல்லாத, புதிதாகக் கிளறிய மண்ணுன்னு போடுங்க. அதுவும் உண்மைதானே."

சகலை வீட்டுக்குப் போனபோது கிரில் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. மனைவியின் செருப்பு உள்ளே கிடந்தது. அக்கா கூடத்திலிருந்து வந்தாள். சாவியை எடுத்து வரவில்லை.

"அவ படுத்திருக்கா."

"ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன் அக்கா."

"வேண்டாம் தம்பி." அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்களும் வருவீங்கன்னு வாசல்லயே உக்காந்திருந்தா. அடுத்தடுத்த பஸ்ஸெல்லாம் பாத்தா. அப்புறம்தான் உள்ள வந்தா."

"ஆபீஸ்ல ஒரு வேலை. சொல்லிட்டுத்தான் போனேன்."

"சொன்னா. ஈ கெட்டுப் போயிடும்னு சொன்னீங்களாம்." கூடத்தில் சகலை உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். சிரிக்கவில்லை. அக்காவே முடித்தாள். "கல்லு வச்சாச்சு இல்ல தம்பி. இனிமே நீங்க வர்றதுக்கு என்ன இருக்கு? கிளம்புங்க."